அண்ணாந்து குடித்த பேரியம்

பெருவயிற்றுப் பிள்ளையாரே, உமது வயிற்றைப் படமெடுக்க எங்கள் ஆஸ்பத்திரியில் அத்தனை பெரிய பிலிம் இல்லை. ஆதலால் வெளியில் நின்றே காத்தருளும். ஆவணி வளர்பிறைச் சதுர்த்தியாகிய இந்நன்னாளில், புதுக்கோட்டைச் சீமை உறவினருக்கும் மலாயாவில் உடனுழைப்போருக்கும் எழுதுகிறேன்.

இந்நாட்டில் ஒருவரும் அண்ணாந்து குடிப்பதில்லை. கோப்பையில் வாய் வைத்துப் பேச்சுக்கிடையே உறிஞ்சுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது அருவருப்பாயிருந்தது. குடலையும் சிறுநீர்ப் பாதையையும் எக்ஸ்ரே எடுக்க இளையோரைப் பயிற்றுவிப்பது என் உத்தியோகம். எலும்பு தானாக நிழல் தரும், இவை தரமாட்டா. சிறுநீரகம் தெரிய ஊசி மருந்து. இரைப்பை தெரிய, பேரியம் என்னும் வெள்ளைக் கூழ். வாயில் வைத்திருந்து, சொன்னதும் விழுங்க வேண்டும். இதை நான் நீலகண்டன் கதை சொல்லியே கற்பிப்பேன். ஆலகாலம் இறங்காமல் அவன் தொண்டையைப் பிடித்த உமையம்மையே முதல் ரேடியோகிராபர். படம் எடுக்க மறந்தாள், அவ்வளவே.

சென்ற வாரம் கீரமங்கலத்துக் கருப்பையா வயிற்றுவலியோடு வந்தார். ரப்பர்த் தோட்டத் தொழிலாளி. பேரன் காதுகுத்துக்காக நாகப்பட்டினக் கப்பலில் இடம் பிடித்திருந்தவர். என் மாணவி மிஸ் லிம் பேரியத்தை நீட்டி, குடிக்கும்படி மலாயில் "மினும், மினும்" என்றாள். அவர் கோப்பையை ஒரு சாண் உயர்த்தி, சொட்டும் சிந்தாமல் ஊற்றிக்கொண்டார். கழுவி எடுத்த படத்தில், வெண்ணிற இரைப்பைக்குள் நெல்லிக்காயளவு கரிய வட்டம். கட்டி என்று தீர்மானித்த டாக்டர், அறுவைக்கு நாள் குறிக்கப் போனார்.

"வயித்தைக் கிழிச்சா கப்பலை யாரு நிறுத்தி வைப்பாங்க?" என்று கருப்பையா கலங்கினார்.

"பேரியத்தை எப்படிங்க குடிச்சீங்க?" என்றேன்.

"அண்ணாந்துதான். ஊரு எச்சியெல்லாம் பட்ட கோப்பையில வாய் வைக்க நான் என்ன கன்னுக்குட்டியா?"

மிடறுதோறும் காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார்! ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடம் எடுக்கச் சொன்னேன். கட்டி இடம் மாறாது, காற்று மாறும். வட்டம் நழுவி மேலேறிக்கொண்டது. மிஸ் லிம் கைதட்டினாள். வலிக்குக் காரணம் சிறு புண்தான். மருந்தே போதும் என்றார் டாக்டர்.

"அப்ப காத்தையா அறுக்கப் பாத்தீங்க?" என்று சிரித்த கருப்பையாவின் பார்வை, நான் உறிஞ்சிக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையில் நின்றது. "ஐயா, நீங்களும் வாய் வச்சா குடிக்கிறீங்க? ஊர்ப்பக்கம் வந்திராதீங்க, சொம்பு கிடைக்காது."

கடந்த விடுப்பில் அறந்தாங்கியில் மதினி நீட்டிய சொம்பில் என்னையறியாமல் வாய் வைத்தேன். அவர் அதை வாங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

கருப்பையா கப்பலேறிவிட்டார். என் கோப்பையோ இன்னும் உதட்டையும் தொடாமல், ஒரு சாண் உயரமும் எட்டாமல், நடுவில் நின்று ஆறிக்கொண்டிருக்கிறது.

வாசிப்போர் அனைவருக்கும் விழுங்கியது இறங்குக; இறங்கியது இனிதே கழிக; தொண்டையில் நிற்பது நீலகண்டனுக்கு மட்டுமே ஆகுக.