கை படாத இழுப்பு

விரல்நுனிகள் முடியைவிட மெல்லிய கம்பியை ஆணியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டன. கம்பியில் ஒரு சாண் மூங்கில் குச்சி தொங்கியது. அதன் இரு முனைகளிலும் இலந்தைப் பழமளவு ஈயக் குண்டுகள். குச்சியின் நடுவே ஒட்டிய முகக்கண்ணாடிச் சில்லில் லேசர் ஒளி பட்டு, சுவரில் சிவப்புப் பொட்டாக விழுந்தது. கைகள் கண்ணாடிப் பெட்டியின் கதவை அடைத்தன.

தேனி மார்க்கெட்டில் தராசு பழுதுபார்க்கும் ரோஸ்லின், இருபது வருடமாகப் பூமியின் இழுப்பை அளந்தே பிழைப்பவள். பூமி மட்டுமல்ல, எடையுள்ள எந்தப் பொருளும் இன்னொன்றை இழுக்கும் என்பதைப் பழைய பாடப்புத்தகத்தில் தானாகப் படித்தாள். அதைக் கண்ணால் காட்டும் கருவியைச் செய்து தருவதாகத் தேவயானி டீச்சரிடம் சொல்லியிருந்தாள். இன்று டீச்சர் பார்க்க வரும்போது பொட்டு நகராவிட்டால் பள்ளிக் கண்காட்சியில் அதற்கு இடமில்லை, பதிலுக்கு வீடியோ போட்டுவிடுவார்கள்.

பக்கத்து ஏலக்காய்க் கடை சுந்தரலிங்கம் எட்டிப்பார்த்தார்.

"ஏத்தா, ஈயம் ஈயத்த இழுக்குமா? அப்ப என் கடை மூட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரணுமே!"

"இழுக்கத்தாண்ணே செய்யுது. தரைதான் விடமாட்டேங்குது."

"நேத்து ஆடுச்சே, அது காத்து. டீச்சர் வேற வாராக, மானம் போகப்போகுது."

"நேத்து காத்தில்ல. என் விரலு."

தராசு முள் ஆடினால் சுண்டுவிரலால் தொட்டு நிறுத்துவது தொழிற்பழக்கம். நேற்று பெட்டிக்குக் கதவில்லை. பொட்டு நகரத் தொடங்கியதுமே அவள் விரல் தானாகப் போய்க் குச்சியைத் தொட்டுவிட்டது. ஆட்டம் அடங்குவதற்குள் பொழுதே போய்விட்டது.

பொட்டு நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். பத்துக் கிலோ ஈயக் கட்டிகள் இரண்டைப் பெட்டிக்கு வெளியே, குண்டுக்கு ஒன்றாக, எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தாள். கட்டி குண்டை இழுத்தால் குச்சி திரும்பும், பொட்டு நகரும். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையைத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டாள்.

"காந்தம் கீந்தம் ஒளிச்சு வச்சிருக்கியோ?"

"அந்தப் பேச்சு வரும்னுதான் இரும்ப விட்டு ஈயத்த உருக்குனேன். ஆணிய வச்சுப் பாருங்க, ஒட்டுதான்னு."

டீச்சர் வந்தபோது பொட்டு கோட்டைவிட்டு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

"தற்செயலு," என்றார் சுந்தரலிங்கம்.

ரோஸ்லின் எழுந்து கட்டிகளைப் பக்கம் மாற்றி வைத்தாள். பொட்டு எறும்பாக ஊர்ந்து திரும்பி, கோட்டைக் கடந்து மறுபுறம் போனது.

"இப்பச் சொல்லுங்கண்ணே. காத்து என் பேச்சக் கேக்குதா?"

சுந்தரலிங்கம் ஒரு கட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வந்த ஆட்டோவுக்கு நடந்தார்.

மற்றதை ரோஸ்லின் ஏற்றினாள். குச்சி ஆடாமலிருக்கப் பஞ்சு வைத்தாள்.

"வேற எதுவும் கவனிக்கணுமா, ரோஸ்லின்?"

"ஆடும் டீச்சர். நிறுத்தச் சொல்லிக் கை போகும். போக விடாதீக."

பெட்டியை டீச்சரின் இரு கைகளிலும் வைத்தாள்.