ஆன்டெனாவில் கட்டிய தோரணம்

போன வாரம் ஒரு புடவை வாங்கலாம் என்று கணினியைத் திறந்தேன். விலை தெரிந்தது. நிறத்தின் பெயர் தெரிந்தது. 'கைத்தறி, முந்தியில் மயில்' என்று வர்ணனை வேறு. புடவையைத்தான் காணோம். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓரம் கிழிந்தாற்போல ஒரு குட்டிக் கட்டம். பக்கம் முழுக்க அப்படியே, வரிசையாகக் காலிக் கட்டங்கள். மயிலை நானே மனசுக்குள் வரைந்துகொண்டு பணம் கட்ட வேண்டியதுதான் போலிருக்கிறது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அண்ணன் மகனைப் போனில் கூப்பிட்டேன். "அத்த, நீ எதையும் நோண்டாத. உனக்கு அதெல்லாம் புரியாது. ஞாயித்துக்கெழம வந்து நான் பாத்துக்கறேன்" என்றான். பாசமான பிள்ளைதான். அவன் சின்ன வயதில் விழுங்கப் பார்த்த ஸ்க்ரூவை வாயில் விரல் விட்டு எடுத்தவள் நான். அது எந்த ரேடியோவின் ஸ்க்ரூ என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னிடம் போய் 'நோண்டாத' என்றால் எப்படி? போனை வைத்துவிட்டு நோண்ட ஆரம்பித்தேன்.

பக்கத்தை மறுபடி வரவழைத்தேன். அதே கட்டங்கள். வேறொரு பிரௌசரில் திறந்தேன். புடவைகள் வந்துவிட்டன. அப்படியானால் கடைக்காரன் மேல் தப்பில்லை, நெட் மேலும் தப்பில்லை. பழைய பிரௌசரிலேயே, நாம் மேலே மாட்டியது எதுவும் ஒட்டாமல், இன்காக்னிட்டோ என்று ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும் அல்லவா, அதில் பார்த்தேன். அங்கேயும் மயில் தோகை விரித்து நின்றது. ஆக, பிரௌசர் மேலும் தப்பில்லை. நம் வீட்டில் நாமே அதன் மேல் எதையோ கட்டி வைத்திருக்கிறோம். அது என்ன என்று யோசித்தபோது மூக்கில் ஒரு வாசம் வந்தது. சூடான தூசி வாசம். பழைய டிவியின் முதுகு மூடியைக் கழற்றினால் வருமே, அது. உங்களுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், தெரிந்தவர்களுக்கு இந்நேரம் மூக்கு அரித்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாதிக் பாயின் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் அந்தத் தொழிலுக்குப் படித்த சான்றிதழ் கையில் இருந்தது. ஆனாலும் எனக்குக் கொடுத்த வேலை, டார்ச் லைட் பேட்டரி விற்பதும், வருகிறவர்களிடம் "மெக்கானிக் அண்ணன் வெளிய போயிருக்காருங்க" என்று சொல்வதும்தான். மெக்கானிக் சேகர் அண்ணன் வெளியே என்றால் கூரை மேல். அன்றைக்கு டிவி ரிப்பேர் என்றால் பாதி வேலை பெட்டிக்குள், மீதி வேலை மொட்டை மாடியில். மொட்டை மாடிக்குப் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? நான் கேட்டபோதெல்லாம் பாய் ஒரே பதில் வைத்திருந்தார். "நீ ஏறிடுவம்மா. ஏத்திவிட ஜனங்க ஒத்துக்கணுமே."

அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எவருக்குப் பொற்காலம் என்று கேட்டுவிடுவேன். இரண்டு கல்யாண வீடுகளில் இதற்காகவே என்னைப் பந்தியில் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் சேகர் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துக் கிராமம் இண்டூரிலிருந்து ஆள் வந்தது. பஞ்சாயத்து டிவியில் படம் வரவில்லை, ஆயுத பூஜையிலிருந்தே வரவில்லை, ஊரே திட்டுகிறது, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் கன்னடப் படம் போடுவார்கள் என்றார் வந்தவர். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டேன். பாய் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "படம் வந்துச்சின்னா இனி வெளி வேலயும் உனக்குத்தான். வரலன்னா பேட்டரி செல்லோட நின்னுக்கணும், அப்புறம் என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. சம்மதமா?" என்றார். சம்மதம் என்று சொன்னேனா, தலையை ஆட்டினேனா தெரியாது. பஸ்ஸில்தான் எனக்கு மூச்சு வந்தது.

கன்னடப் படம் என்றதும் குழம்பாதீர்கள். எங்கள் பக்கம் அப்போது ஆன்டெனாவைப் பெங்களூர்ப் பக்கம் திருப்பினால் கன்னடம், சேலம் பக்கம் திருப்பினால் இந்தி. தமிழ் வந்துசேர இன்னும் நாள் இருந்தது. இந்தியாவது செய்தி வாசிக்கிற அம்மாளின் புடவையைப் பார்க்க உதவும். கன்னடத்துக்கு இண்டூரில் மாதம்மா இருந்தாள். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஞாயிறு சாயங்காலம் டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, திரையில் ஆள் வாயைத் திறந்து மூடுவதற்குள் தமிழில் சொல்லிவிடுவாளாம். பகலில் களை எடுக்கப் போகிறவள், ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஊருக்கே வாத்தியார். டிவி போனதிலிருந்து முக்காலியும் போய்விட்டது. நான் பஞ்சாயத்துக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கையைப் பிடித்தவள் அவள்தான். "எப்பிடியாச்சும் வரவச்சிடு கண்ணு. படத்துல பாதிக் கதையில நிக்கிறா ஒருத்தி" என்றாள்.

பஞ்சாயத்துத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாய் கடையில ஆம்பள யாரும் இல்லீங்களா?" என்று கூட்டி வந்தவரைக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

டிவியைப் பார்த்தேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்துக் கண் பட்டுவிட்டதாம். பூசணிக்காயும் சுற்றி உடைத்தாகிவிட்டதாம். ஒளிபரப்பு சாயங்காலம்தான் என்பதால் அதுவரை பெட்டியைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. சும்மா நின்றால் தலைவர் பார்வை தாங்காது. முதுகு மூடியைக் கழற்றினேன். அந்தத் தூசி வாசம் குப்பென்று வந்தது. உள்ளே பல்லி முட்டை, எட்டுக்கால் பூச்சி வலை, யாரோ செருகி வைத்த பஸ் டிக்கெட். எல்லாவற்றையும் துடைத்தேன். நன்றாக இருந்த இடத்தில்கூட ஈயம் உருக்கிப் பற்ற வைத்தேன். புகை வந்தால்தான் ஜனங்கள் வேலை நடக்கிறது என்று நம்புவார்கள். யாரோ கேட்டதற்கு, "உள்ள ஒரு பார்ட் வீக்கா இருக்குதுங்க" என்று வேறு அளந்தேன். எந்தப் பார்ட் என்று கேட்டிருந்தால் என் கதி அதோகதிதான்.

சாயங்காலம் ஒளிபரப்பு நேரம் வந்து பெட்டியைப் போட்டேன். உஸ்ஸென்று இரைச்சல், அதற்கு அடியில் தேய்ந்துபோன ஒரு குரல், திரை முழுக்க ரவை கொட்டினாற்போலப் புள்ளிகள். குரல் இருக்கிறது, ஆளைக் காணோம். தலைவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான், ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த கேள்வியை அதுவரை நான் கேட்கவே இல்லை என்று உறைத்தது.

"கடைசியா இது நல்லா இருந்தப்ப என்ன பண்ணீங்க?"

"என்னா பண்ணோம், ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சிக் கும்புட்டோம்" என்றாள் மாதம்மா. "மேல அந்தக் கம்பத்துக்குத் தோரணம் கட்டுனாங்க. அன்னிக்குப் போனதுதான்."

வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தேன். மீன் முள் மாதிரி நீண்ட ஆன்டெனா. அதன் நடுவில் காய்ந்த மாவிலைத் தோரணம். ஏர், வண்டி, பம்ப் செட் எல்லாவற்றுக்கும் பூஜை போடுகிற ஊர், டிவிக்கு மட்டும் போடாமல் விடுமா? காற்றில் அறுந்துவிடக் கூடாது என்று சணலுக்குப் பதில் கொத்தனார்கள் கம்பி கட்டும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் இரட்டை ஒயரின் இரண்டு முனைகளும் நடுவில் இரண்டு திருகுகளில் நிற்கும். ஒன்றை ஒன்று தொடவே கூடாது. அந்த இரண்டையும் சேர்த்துச் சுற்றியிருந்தது கம்பி. வானத்திலிருந்து வந்த படம் அத்தனையும் அங்கேயே முடிந்து போயிருந்தது.

ஏணி கேட்டேன். தலைவர் குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் ஆவாது பாப்பா. பூசை போட்டுக் கட்டுனது. அடுத்த ஆயுத பூசைக்குத்தான் அவுக்கணும். அதுல பொம்பள வேற கை வெக்கறதா?"

"அப்ப தோரணத்தயே பாத்துக்கிட்டு உக்காருங்க. படம் எதுக்கு?" என்றேன். அந்த வயதுக்கு, அந்த இடத்துக்கு, அது ரொம்பப் பெரிய வாய். ஆனாலும் என் கண்ணுக்கு அந்தக் கட்டுக்கம்பியும் பாய் கடையின் பேட்டரி அலமாரியும் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

மாதம்மா எங்கிருந்தோ ஏணியை இழுத்து வந்து சுவரில் சாத்தினாள். அடியில் காலை வைத்து மிதித்துக்கொண்டாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நான் முதல் படியில் கால் வைத்ததும், கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "வயசுப்புள்ள ஏறுது. வெக்கம் மானம் இருக்கற ஆம்பளைங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!"

திரும்பினார்கள். எல்லாரும். தலைவர் முதல் ஆளாகத் திரும்ப வேண்டியதாயிற்று, அவர்தானே ஊரில் மானஸ்தர். எதிரே மாரியம்மன் கோயில் சுவர். அதைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா, தோரணத்துல கை வெக்காத! வெக்கலயே?" என்று கத்தினார். "இல்லீங்க" என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக் நறுக்கென்று வெட்டினேன். திரும்பிப் பார்த்தால் மரியாதை போய்விடும். பார்க்காவிட்டால் தோரணம் போய்விடும். மனுஷர் மரியாதையைத் தேர்ந்தெடுத்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பொய்க்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. இன்றைக்கு ஏணி வைத்தாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

உள்ளேயிருந்து குழந்தைகள் கூச்சல் கிளம்பியது. ஏணியை மிதித்துக்கொண்டிருந்த மாதம்மா, பல ஞாயிறுகளாக அடக்கி வைத்திருந்த தாய்மொழியில் அலறினாள். "நோடு! நோடு!" பார், பார் என்று. அடுத்த நிமிஷம் ஏணியையும் என்னையும் அப்படியே விட்டுவிட்டு முக்காலியைத் தேடி ஓடிவிட்டாள். நான் எப்படி இறங்கினேன் என்பது மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

அன்று படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மாதம்மா என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள். தலைவரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தில் ஒரு பெண். புருஷன் அவளை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிடுகிறான். அவள் டவுனில் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். கடைசியில் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் அழுதுகொண்டே நிறையப் பேசுகிறாள். மாதம்மா சொன்னாள்: "வரமாட்டேங்கறா. எங்கையி இருக்குது, எந்தொழிலு இருக்குது, நீ போய்ட்டு வா சாமின்றா." பெண்கள் பக்கம் யாரோ கை தட்டினார்கள். படம் முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் தலைவர் கடைக்கே வந்துவிட்டார், புகாரோடு. வாய்த்துடுக்கு, பெரியவர் சொல் கேட்கவில்லை, பூஜை போட்ட பொருள் என்று அடுக்கினார். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் வருதுங்களா?" என்றார்.

"வருது."

"அப்ப கம்ப்ளைண்ட் என்னாங்க?"

அதற்குப் பிறகு தருமபுரியிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் நான் ஏறாத கூரை இல்லை. 'பொம்பளையா?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான், 'ஏணி எங்க?' கல்யாணத்துக்கு வந்த இரண்டு வரன்கள் இந்தக் கூரை விஷயத்தில் திரும்பிப் போயின. போகட்டும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, புடவைக்கு வருகிறேன். கடைசியாக இந்தக் கணினி நன்றாக இருந்தபோது என்ன செய்தோம்? அண்ணன் மகன் வந்து, "அத்த, விளம்பரம் தொல்ல பண்ணாம இருக்க ஒண்ணு போட்டுத் தரேன்" என்று பிரௌசரில் ஒரு தடுப்பானை மாட்டிவிட்டுப் போனான். பாசத்தோடு கட்டிய தோரணம். இது விளம்பரத்தோடு புடவையையும் சேர்த்து மறைக்கிறது. நிறுத்தினேன். காலிக் கட்டங்கள் அத்தனையிலும் புடவைகள் வந்து விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "யாரு அத்த இத ஆஃப் பண்ணது?" என்று கேட்டான். "நான்தான், உனக்கு அதெல்லாம் புரியாது" என்றேன்.

ஆன்டெனாக்கள் போய்விட்டன. இண்டூரில் அந்தப் பஞ்சாயத்துக் கட்டடம் இல்லை. சாதிக் பாய் இல்லை. மாதம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறதாம். இவற்றில் எதற்காகவும் நான் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. ஆனால் மயில் முந்தியை வாங்கி முடித்த கையோடு, ஒரு ஆசையில், அந்தக் கன்னடப் படத்தைத் தேடினேன். கிடைத்தது. கீழே தமிழ் எழுத்துகள் ஓட, ஒரு புள்ளி இல்லாமல், துடைத்து வைத்தாற்போலத் தெரிந்தது. கடைசிக் காட்சியில் அவள் அழுதுகொண்டே நிறையப் பேசுகிறாள். 'என்னை மன்னித்துவிடுங்கள், நம் வீட்டுக்கே வந்துவிடுகிறேன்' என்று எழுத்து ஓடுகிறது. அவன் பின்னாலேயே போய்விடுகிறாள்.

பக்கத்தை மறுபடி வரவழைத்துப் பார்த்தேன். வேறு பிரௌசரில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் போய்விடுகிறாள். அவளைப் போகாமல் நிறுத்தி வைத்திருந்தவள் அந்த முக்காலியில் இருந்தாள். நான் அவள் சொன்ன படத்தைத்தான் பார்த்தேன், அதை நம்பித்தான் அதற்கப்புறம் எல்லா ஏணியும் ஏறினேன். அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.