பன்னீர் திராட்சைக் கறை

எங்கள் ஊர் நூலகத்தில் எடுத்த பறவைகள் புத்தகத்தில் பல பக்கங்களில் ஊதாக் கறை. "புத்தகத்த இப்படியா நாசம் பண்ணுவாக?" என்று நூலகரம்மாவிடம் கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "திராட்சை பறிக்கிற அக்கா ஒருத்தவுக எடுத்துட்டுப் போனாக சார். தோட்டத்துல குருவியப் பாத்தா, கையக்கூடக் கழுவாம அங்கனயே பக்கத்தத் தேடுவாக. கறை இருக்கிறதெல்லாம் நம்ம ஊருப் பறவை!"

மறுநாள் காலையிலேயே அனுமந்தன்பட்டியில் ஒரு திராட்சைப் பந்தலுக்கடியில் புத்தகத்தோடு நின்றேன். முதல் கறைப் பக்கத்துக் கொண்டைக்குருவி, கொடியில் உட்கார்ந்து என்னையே பார்த்தது! தினமும் நான் வேலைக்குப் போகும் வழிதான்; ஒரு நாளும் கவனித்ததில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு கறைப் பக்கத்துப் பறவைகள்!

தோட்டக்காரர் கொடுத்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, நீண்ட வெள்ளை வாலோடு ஒரு பறவை பறந்தது. பதறிப்போய்ப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் கறையே இல்லை.

இப்போது இருக்கிறது. என் கட்டைவிரல்.