ரெக்கார்டு அக்கா

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் இயந்திரத்துக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிப்பார்வைக்கு அட்டை போடுகிறவள், சார்ட் வரைகிறவள். நாளைக்கு வாத்தியாராகப் போகிறவர்கள் கைப்பட எழுத வேண்டிய பாடக்குறிப்பையும் உளவியல் ரெக்கார்டையும் அவள்தான் எழுதித் தருகிறாள் என்பது வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு ஐந்து விதமான கையெழுத்து வரும். சாய்ந்தது, உருண்டது, நெருக்கியது என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதுவாள். அவளும் அதே கல்லூரியில் படித்தவள்தான். மகள் வயிற்றில் இருந்தபோது பாதியில் விட்டவள், திரும்பிப் போகவே இல்லை.

இந்தத் தொழிலில் யாரையும் நம்பக் கூடாது என்பது அவள் கணக்கு. அதனால் அன்று மதியம் குடையோடு ஒரு அம்மா உள்ளே வந்ததுமே அவளுக்கு உறுத்தியது.

"என் தங்கச்சிக்கு ஒரு தனியாள் ஆய்வு வேணும்மா. ஒரு பிள்ளையைப் பத்தி எழுதணுமாம்" என்றாள் அந்த அம்மா.

படிக்கிற பிள்ளைகள் யாரும் அப்படி முழுசாகச் சொல்ல மாட்டார்கள். "கேஸ் ஸ்டடிக்கா" என்பார்கள். இவள் எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டை விரலில் பேப்பர் திருத்துகிறவர்களின் சிவப்பு மை வேறு.

"நான் அட்டை மட்டும்தாங்க போடுவேன். எழுதுறதெல்லாம் இல்லீங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கடைக்காரர் இயந்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். "என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க! அம்மா, அக்கா எழுதினா மார்க்கு சும்மா அள்ளும். கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துட்டுப் போங்க."

ரெக்கார்டு அக்கா அவரை முறைத்த முறைப்பில் அவர் பேப்பர் அடுக்கப் போய்விட்டார். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். பையிலிருந்து மூன்று ரெக்கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றும் வெவ்வேறு பேருடையவை. மூன்று வருஷத்தவை. மூன்றும் இவள் எழுதியவை.

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. எழுந்து போகவும் வழியில்லை.

"நான் எதிர்த்த காலேஜ்ல சைக்காலஜி எடுக்கிறேன். இந்தப் பொண்ணுக்கு இப்ப பதிமூணு வயசாகியிருக்கணும். இந்த வருஷம் ஏன் யாரோட ரெக்கார்டுலயும் வரல?"

"எந்தப் பொண்ணுங்க?"

"பதில் சொல்றதுக்கு முன்னாடி பெஞ்சைத் தரைக்கோட்டுக்கு நேரா இழுத்து வைக்கிற பொண்ணு. அவ இழுத்து முடிக்கிறதுக்குள்ள டீச்சர் அடுத்த பிள்ளையைக் கேட்டுடுவாங்க. முதல் வருஷம் அதான் இருந்துச்சு. அடுத்த வருஷம் வேற ஒருத்தி ரெக்கார்டுல, பதிலை எல்லாம் துண்டுச் சீட்டுல எழுதி டப்பாக்குள்ள வச்சிருந்தா. போன வருஷம் எழுந்து நின்னு தப்பா ஒரு பதில் சொல்லிட்டு அவளே சிரிச்சுட்டா. நான் எத்தனையோ ரெக்கார்டு திருத்துறேன். மத்த பிள்ளைங்க எல்லாம் ஒரே அச்சு. வறுமை, பெற்றோர் கவனமின்மை, ஆலோசனை வழங்கப்பட்டது, முன்னேற்றம் தெரிகிறது."

அந்த அச்சிலும் பாதி தன் கைச்சரக்குதான் என்பதை ரெக்கார்டு அக்கா வாயைத் திறந்து சொல்லவில்லை. பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்குகிறாளோ என்றுதான் அவளுக்கு ஓடியது. பேசாமல் இருந்தாள். எதிரில் இருந்தவள் ஒரு ரெக்கார்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை இவள் பக்கம் திருப்பி வைத்தாள். கடைசியில் இவளால்தான் முடியவில்லை.

"என் பொண்ணுங்க அவ."

விஷயம் இதுதான். நான்கு மாதம் முன்பு வீட்டில், மகளைப் பற்றி இவள் குறித்து வைத்திருந்த நோட்டை மகளே புரட்டிப் பார்த்துவிட்டாள். "அம்மா, இது நான்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "எத்தனை பேருக்குக் குடுத்த?" என்றாள். "இனிமே என்னை யாருக்கும் குடுக்காத" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவள் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுத இவளுக்குக் கை வரவில்லை.

பேராசிரியை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இந்த மூணு பேரும் பாஸாகி, இப்ப எங்கேயோ கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்க. ஒருத்தியும் ஒரு பிள்ளையைக்கூட உக்காந்து பாத்ததில்ல. அதான் எனக்குப் பயம். இந்த வருஷத்துலேருந்து நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய், என் முன்னாடி எழுத வைக்கப் போறேன். இந்த வேலை இனிமே உங்ககிட்ட வராது."

"புகார் குடுப்பீங்களா?"

"குடுத்தா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க. மூணு வருஷமா மார்க் போட்டது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அந்த ஒரு பேச்சைத்தான் ரெக்கார்டு அக்கா முழுசாக நம்பினாள். பாவம் பார்த்து விட்டுவிடுகிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஆனாலும் ஒரு மாதம் தபால்காரரைக் கண்டாலே எழுதிக்கொண்டிருந்ததை மூடி மேசைக்கு அடியில் தள்ளினாள். ஒன்றும் வரவில்லை. உளவியல் ரெக்கார்டு நின்றது, அதைப் பார்த்துப் பாடக்குறிப்பு கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். சார்ட் வரைவதில் காலம் ஓடியது. மகளிடம் மெதுவாக, "உன்னைப் பத்தி ஒரு டீச்சர் விசாரிச்சாங்க" என்றாள்.

"யாரு? எதுக்கு? நீ என்ன சொன்ன?"

"என் பொண்ணுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல" என்றாள், நடந்ததில் பாதியை விழுங்கி.

மகள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், நம்பலாமா என்று. பிறகு தட்டைக் கழுவப் போனாள்.

அடுத்த பருவத்தில் ஒரு மாணவி கடைக்கு வந்தாள். "அக்கா, நீங்க எழுத வேண்டாம். ஒரு பிள்ளையைப் பாக்கச் சொல்லியிருக்காங்க. என்ன பாக்கணும்னே தெரியல. நீங்களாவது சொல்லுங்க."

அந்த அம்மா அனுப்பிய ஆளோ? ரெக்கார்டு அக்கா அவள் விரலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கையிலிருந்த செல்போனில் பேச்சைப் பதிவு செய்கிறாளா என்று பார்த்தாள்.

"போனை அணைச்சு அந்த மேசையில வை" என்றாள். "இப்பச் சொல்லு. அந்தப் பிள்ளை எந்தப் பெஞ்சுல உக்காருது?"

மாணவிக்குத் தெரியவில்லை.

"போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அவள் சார்ட்டில் கோடு போட ஸ்கேலை எடுத்தாள்.