முத்துமீனா எப்போது டப்பாவை எடுப்பாள்?

சகாயமேரியிடம் யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தால், இவன் எதற்காக விசாரிக்கிறான் என்றுதான் அவள் முதலில் யோசிப்பாள். அது பிறவிக் குணமா, பார்க்கிற வேலையால் வந்த குணமா என்று அவள் கணவர் லாசருக்கே முப்பது வருடமாகப் பிடிபடவில்லை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் அவள் இருபத்தேழு வருடமாகக் கிளார்க். அட்மிஷன் சமயத்தில் வருகிற சான்றிதழ்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. மார்க் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். சீல் மேல் விரலை ஓட்டுவாள். ஒருமுறை பெரிய இடத்து மனிதர் ஒருவர் தன் மகனுக்காகக் கொண்டுவந்த டி.சி.யை முகர்ந்து பார்த்துவிட்டு, "போன வருஷம் வாங்குனதுங்கிறீங்க, பசை இன்னும் காயலையே சார்?" என்று அவள் கேட்டதை அங்கே இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓரத்தில் "நானே சரிபார்த்தேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போடுவாள். அதற்கு மேல் தலைமையாசிரியர்கூட அந்தத் தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இப்பேர்ப்பட்டவளைத்தான் போன வருடம் பெரிய வெள்ளியன்று இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

அவனியாபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கோயில். அன்றைக்குச் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய வரிசையில் போனவள் முழந்தாளிட்டாள், குனிந்து முத்தியும் செய்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். "கிளார்க்கம்மாவத் தூக்குங்கப்பா!" என்று யாரோ புண்ணியவான் குரல் கொடுக்க, பாட்டுக் குழுவில் இருக்கும் மெர்வினும் கோயில் உபதேசியாரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து, நெல் மூட்டையை நிமிர்த்துவது மாதிரி நிமிர்த்தினார்கள். முந்தானை ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். வெட்கத்தில் செத்துப் போகலாம் போல இருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து பிளாஸ்டிக் சேர். ஊரே முழந்தாளிடும்போது அவள் மட்டும் அத்தனை தலைக்கும் மேலே உட்கார்ந்திருப்பாள். சாமி முன்னால் நாற்காலி போட்டு உட்கார யார் இவள் என்று அவளுக்கே கூசியது. அடுத்த பெரிய வெள்ளிக்குள் யார் கையும் படாமல் முழந்தாளிட்டு எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரிசைக்கே போவதில்லை என்று முடிவு கட்டினாள்.

எலும்பு டாக்டர், "முட்டி தேஞ்சிருக்கும்மா. ஆபரேஷனுக்கு அவசரமில்ல. தொடைச் சதைக்குப் பலம் வேணும். தெனமும் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஆன்சியிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், வீட்டிலிருந்தே செய்கிற உடற்பயிற்சி வீடியோக்கள் ஐந்தைப் பொறுக்கி அனுப்பினாள். "ஏதாச்சும் ஒண்ணச் செலக்ட் பண்ணி ஆரம்பிம்மா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது.

அதற்குள் பத்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டிருந்தது; அன்றைக்கு விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். பெரிய வெள்ளிக்கு ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து சகாயமேரி ஒரு பழுப்பு ஃபைலை எடுத்தாள், வீடியோவுக்கு ஒன்றாக ஐந்து தாளைக் கோர்த்து டேக் கட்டினாள், ஒவ்வொன்றின் அடியிலும் "தேர்வு செய்யப்பட்டது" என்று ஓர் இடம் விட்டாள்.

லாசர் ரிட்டயரான ஆரம்பப் பள்ளி வாத்தியார். யார் என்ன சொன்னாலும் நம்புகிற மனிதர். "மொதல்ல இருக்கறதையே ஆரம்பிச்சிற வேண்டியதுதான மேரி?" என்றார்.

"சரிபாக்காமலா? முட்டி போச்சுன்னா அந்த வீடியோக்காரனா வந்து சுமப்பான்? எது உண்மைன்னு பாத்து முடிவு பண்ணிட்டு, அப்புறம் ஆரம்பிக்கிறேன். நீங்க டிவியில போட்டு விடுங்க."

முதல் வீடியோவில் ஒரு பையன், இருபத்தோரு நாளில் ஆளே மாறிவிடலாம் என்றான். பயிற்சிக்கு முன் தொப்பையோடு ஒரு படம், பின் தொப்பையில்லாமல் ஒரு படம். சகாயமேரி நிறுத்தச் சொல்லி டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். இரண்டு படத்திலும் அவனுக்குப் பின்னால் நாள்காட்டி தொங்கியது. இரண்டிலும் ஒரே தேதி. "காலையில வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுருக்கான், சாயங்காலம் எக்கிக்கிட்டு நின்னுருக்கான்" என்றாள். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அவன் சொன்ன பயிற்சியை மூன்று நாள் செய்து பார்த்துவிட்டுத்தான் தள்ளினாள்.

அடுத்தது புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நடத்துவது. நாற்காலியில் கை ஊன்றாமல் முப்பது முறை உட்கார்ந்து எழ வேண்டும். அவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றார்கள். சகாயமேரி விரல் விட்டு எண்ணினாள். கேமரா பக்கம் மாறும்போது அவர்கள் எண்ணிக்கையில் பதினான்குக்கு அடுத்துப் பத்தொன்பது வந்தது.

"இருக்கட்டும் மேரி, ஏதோ வெட்டி ஒட்டிருப்பாக."

"முப்பதுன்னா முப்பது இருக்கணுங்க. முப்பதுக்கு எம்புட்டு நேரமாகுதுன்னு நானே பாக்கிறேன்" என்று சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தாள். எட்டாவதில் மூச்சு வாங்கியது. பன்னிரண்டாவதில் லாசர் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நடுநடுவே நின்று நின்று முப்பதையும் முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஓடியிருந்தது. தாளில், "கணக்கு தவறு. நானே செய்து சரிபார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒருவேளை அன்றைக்கு மட்டும் தப்பு நடந்திருக்குமோ என்று அவர்களுடைய அடுத்த நான்கு நாள் வீடியோவையும் அதே மாதிரி செய்து, நாளுக்கொரு கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர். அவருக்கு நன்றி சொல்லி எழுதிய பன்னிரண்டு பேரும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு குறைந்ததாக எழுதியவர்களில் இரண்டு பேர் ஆண்கள். நான்காவது மூன்று நாள் இலவசம் என்று சொல்லி, நான்காம் நாள் பேங்க் கார்டு நம்பர் கேட்டது. இரண்டையும் செய்து பார்த்து, இரண்டையும் தள்ளினாள். அதற்குள் தவக்காலத்தில் இரண்டு வாரம் போய்விட்டது.

ஐந்தாவதுதான் முத்துமீனா.

மேலூர்ப் பக்கத்துப் பெண். நாற்பது வயது இருக்கலாம். பீரோவுக்கு முன்னால், சுடிதாருக்கு மேல் ஒரு துண்டைக் குறுக்கே முடிந்துகொண்டு நின்றாள். மியூசிக் இல்லை, முன் படம் பின் படம் இல்லை. "வாங்கக்கா. முட்டி வலிக்காரவுகளுக்குத்தான் இது. வலதுகால முன்னாடி வைங்க. தொடையில கையக் குடுங்க. எடது முட்டிய மெதுவா எறக்குங்க. எந்திரிக்கையில மூச்ச விடுங்க. வலிச்சா நிறுத்திருங்கக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

சகாயமேரிக்கு உடனே சந்தேகம் தட்டியது. நிறுத்தச் சொல்கிறாளே, ஏன்? பணம் கேட்கவில்லையே, ஏன்? பீரோ மேல் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"ஏங்க, அந்த டப்பாவப் பாத்தீங்களா? மூட்டுவலிப் பொடி. அக்கா அக்கான்னு கொழைஞ்சு பேசி, நாலு நாள் கழிச்சு எடுத்து நீட்டுவா பாருங்க."

"பொரிகடலையா இருக்கும் மேரி."

"பொரிகடலைய யாராச்சும் பீரோ மேல வப்பாகளா?"

நான்கு நாள் போயிற்று, டப்பா இறங்கவில்லை. நாளைக்குக் கண்டிப்பாக எடுப்பாள் என்று காத்திருந்தாள். முத்துமீனா நாளுக்கொரு வீடியோ போட்டிருந்தாள்; விடிந்ததும் சகாயமேரி டிவியில் அன்றைக்குரியதைப் போட்டுவிடுவாள். டப்பா வருகிற இடத்தைத் தவறவிடக் கூடாது என்பதால் வீடியோவை வேகமாக ஓட்டிவிட்டுப் பார்ப்பதில்லை. சும்மா நின்று பார்த்தால் கணக்குச் சரிபார்க்க முடியாது என்பதால் கூடவே செய்தாள்.

கணக்கில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. முத்துமீனா பத்து என்று சொல்லும்போது பதினொன்று முடிந்திருந்தது. முதல் தடவையை அவள் எண்ணுவதே இல்லை. தன் சர்வீசில் மார்க்கைக் கூட்டிப் போட்டவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள் சகாயமேரி. வாங்கியதைவிடக் குறைத்துப் போட்டவர் ஒருத்தர்கூட இல்லை. இதில் என்னவோ பெரிய சூது இருக்கிறது என்று நினைத்தாள். பதினொன்றா, பத்தா என்பதைத் தினமும் செய்தே பார்த்தாள். தினமும் பதினொன்றாகத்தான் இருந்தது. தினமும் கையெழுத்துப் போட்டாள்.

குருத்தோலை ஞாயிறன்று முத்துமீனா கடைசியில் டப்பாவை இறக்கினாள்.

"ஏங்க, ஓடியாங்க!" சகாயமேரியின் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அவளுடைய ஒரு முட்டி தரையில் இருந்தது. அது எப்படி இறங்கியது என்று அவள் கவனிக்கவில்லை. முத்துமீனா மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பொரி உருண்டையை எடுத்துக் கடித்தாள். "மயக்கம் வர்ற மாதிரி இருந்தா எதையாச்சும் வாயில போட்டுக்கங்கக்கா" என்று சொல்லி டப்பாவை மூடினாள்.

லாசர் சிரிப்பை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அந்த அளவுக்குத் தேறியிருந்தார்.

அன்று மத்தியானம் சகாயமேரி ஃபைலைப் புரட்டினாள். ஐந்து தாளிலும் "தேர்வு செய்யப்பட்டது" என்ற இடம் காலி. சரிபார்ப்பதிலேயே தவக்காலம் தீர்ந்துவிட்டது. ஆரம்பிக்கவே இல்லையே! இன்னும் ஐந்து நாளில் என்ன கிழித்துவிட முடியும்?

"சேர எடுத்துக்கங்க வெள்ளிக்கிழமை" என்றாள் கணவரிடம். "வரிசைக்கு நான் வரல. ஓரமா உக்காந்துக்கறேன்." லாசர் சரி என்று தலையாட்டினார். ஆனாலும் பாதியில் விட்ட ஃபைல் என்று பேர் வரக் கூடாது என்பதால், வியாழன்வரை கணக்குச் சரிபார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை கோயில் மைதானத்தில் சிலுவைப்பாதை. மதில் ஓரமாகப் பதினான்கு இடத்தில் சிலுவை நட்டிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, முழந்தாளிட்டு, எழுந்து போக வேண்டும். கூட்டத்தில் லாசரும் சேரும் பின்தங்கிவிட்டார்கள். முதல் இடத்தில் உபதேசியார் "முழந்தாளிடுவோம்" என்றார். சேர் இன்னும் வந்து சேரவில்லை. சுற்றிலும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சகாயமேரியின் வலதுகால் தானாக முன்னால் போனது, கை தொடைக்குப் போனது, இடது முட்டி மணலைத் தொட்டது. செபம் முடிந்ததும் மூச்சை விட்டாள். எழுந்து நின்றாள்.

அவள் நம்பவில்லை. மணல் மெத்தென்று இருந்ததால் முடிந்திருக்கும். இரண்டாவது இடத்தில் முன்னால் நின்றவளின் தோளைத் தெரியாமல் பிடித்திருப்போமோ என்று யோசித்தாள். மூன்றாவதில் இரண்டு கையையும் தன் தொடையில்தான் வைத்திருந்தாள், நன்றாகப் பார்த்துக்கொண்டாள். சேரோடு ஓடிவந்த லாசர் ஏழாவது இடத்தில் வந்து சேர்ந்தார். "பின்னாடி நில்லுங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள். பதினான்கும் முடிந்தது.

பிறகு சிலுவை முத்தி. சேரை லாசரிடமே விட்டுவிட்டு அவள் வரிசையில் போய் நின்றாள். அவளைக் கண்டதும் மெர்வின் பாட்டுக் குழுவை விட்டு மெதுவாக நகர்ந்து பக்கத்தில் வந்தான். உபதேசியாரும் வந்தார். அவள் முழந்தாளிட்டாள். அதே தரை, அதே இடம். குனிந்து சிலுவையின் பாதத்தை முத்தி செய்தாள். அக்குளுக்குப் பக்கத்தில் மெர்வினின் கை வந்தது.

"கைய எடு தம்பி" என்றாள்.

எழுந்தாள். யார் கையும் படவில்லை. கண்ணாடி மூக்கில் இருந்தது, முந்தானை தோளில் இருந்தது. தன் இடத்துக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலை எடுத்தாள். "எதையுமே ஆரம்பிக்கலையேங்க. எப்பிடி எந்திரிச்சேன்?"

லாசர் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். நானே செய்து சரிபார்த்தேன், கையெழுத்து, தேதி. அடுத்த நாள், கையெழுத்து, தேதி. விபூதிப் புதனிலிருந்து நேற்றுவரைக்கும் ஒருநாள் விடாமல் இருந்தது. போலியா என்று தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றால், எல்லாம் அவள் கையெழுத்து. அதை அவளால் சந்தேகப்பட முடியவில்லை.

"அப்ப முத்துமீனா பாஸா?" என்று கேட்டார் லாசர்.

"அவளுக்கு எண்ணத் தெரியல. அத யாராச்சும் சொல்லிக் குடுக்கணும்" என்றாள் சகாயமேரி. பிறகு ஃபைலை மூடி வைத்தாள். நேரில் பார்த்தே இராத ஒரு பெண்ணை நாலு வாரமாகத் திருடியைக் கண்காணிப்பது மாதிரி கண்காணித்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை வாங்கி முத்துமீனாவின் வீடியோவைத் திறந்தாள். அதற்குக் கீழே மொத்தம் மூன்று பேர்தான் எழுதியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்: நானே சரிபார்த்தேன். அதன் கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டாள்.