பின்னால் போகாத புல் வண்டி

ஐப்பசி பதினொன்று, வியாழக்கிழமை. வழக்கம்போல் காலையில் கல்யாண மண்டபத்தின் முன்கதவைத் திறந்தேன். தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்த்து, மேடை விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தேன். முந்தின நாள் மழையில் புல்வெளி ஊறிக் கிடந்தது. அன்றைக்குக் கிடைத்த எலுமிச்சம்பழம் ஒன்று, கொட்டைப்பாக்கு நிறத்தில் காய்ந்து, இதை எழுதும் மேசையில் இப்போதும் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைப்பேன்.

சங்கரன்கோவிலில் நான் மேலாளராக இருக்கும் மண்டபம் அது. முதலாளி கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் பார்த்த ஆசையில் இங்கும் ஒரு புல்வெளி போட்டு, அதை வெட்டுவதற்கு உட்கார்ந்து ஓட்டும் வண்டியும் வாங்கி விட்டிருந்தார். ஊரில் அதற்குப் பெயர் புல்லு வண்டி. அதை அப்போது ஓட்டியவர் டிரைவர் அண்ணாச்சி. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, சாயங்காலம் எங்கள் புல்வெளியில் வரவேற்பு. வேறு ஆளை வைத்து வெட்டிவிடலாம் என்றேன். "என் மவ நடந்து வார புல்ல இன்னொருத்தன் வெட்டுததா, சார்?" என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஆயுத பூசை போட்ட வண்டியை முதலில் முன்னால்தான் எடுப்பார்கள், சக்கரத்தடியில் பழம் நசுங்கும்படி. மற்றவர்களுக்கு அது ஒரு நிமிடச் சடங்கு. அந்த வருடம் மகளின் நிச்சயம் முடிந்திருந்ததால் அண்ணாச்சிக்கு மட்டும் அது நீண்டுகொண்டே போனது. கல்யாணம் முடிகிற வரை வண்டி பின்னால் போகக் கூடாது என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டார். திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் பிராகாரம் சுற்றுவதுபோல் பெரிய வட்டம் அடித்து வருவார். நான் கேட்டால், "முன்னாலயே போவட்டும் சார், நல்லதுதான" என்பார்.

அன்று அவர் மேடைப் படி வரைக்கும் வெட்டிக்கொண்டு போனபோது, பந்தல்காரர்கள் இருபுறமும் கால் நட்டுவிட்டார்கள். வட்டம் அடிக்க இடமில்லை. வந்த வழியே பின்னால் வந்தால்தான் உண்டு. அண்ணாச்சி கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ரிவர்ஸ் பெடலை மிதித்தார். வண்டி அசையவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற வேண்டிய படிக்கு நேரே அது நின்றது.

எனக்கு எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் புரியும். கத்தி சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் எடுத்தால் இந்த வண்டியில் இஞ்சினே அணைந்துவிடும். கத்தியை நிறுத்திப் பார்த்தோம். இஞ்சின் சீராக ஓடியது, சக்கரம்தான் சுற்றவில்லை. பெல்ட் தேய்ந்திருக்குமோ என்றால், முன்னால் இழுப்பதும் அதே பெல்ட்தான். எண்ணெய்க்கும் அதே பதில். பின்பக்கத்தில், கையால் தள்ளுவதற்காக விடுவிக்கும் கம்பி ஒன்று உண்டு. அதை இழுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். முன்சக்கரம் ஈரமண்ணில் இறங்கியதுதான் மிச்சம். அண்ணாச்சியின் முகம் சுண்டிவிட்டது. "போவாத போவாதன்னு நாந்தான சார் சொன்னேன். அது கேட்டுட்டு" என்றார். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது ரிவர்ஸ் பெடல். கையால் அமுக்கினேன். பாதியில் நின்றது. கீழே குனிந்தால் வெட்டுப்புல் அடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் மனைவி வந்தார். எனக்கு மதினி முறை சொல்லிப் பழக்கம்.

"பொண்ணுக்கு அப்பன எங்கன்னு சிவகிரி மாப்ள வீட்டுச் சொந்தம் பூரா தேடுது. இவுக இங்கன புல்லுக்குள்ள படுத்துக் கெடக்காவ."

"வண்டி பின்னால போவ மாட்டேங்கு" என்றார் அண்ணாச்சி.

மதினி வண்டியின் முகப்பைப் பார்த்தார். "பூசைக்கு நான் கோத்துக் குடுத்த எலுமிச்சம்பழமும் மொளகாயும் எங்க?"

அண்ணாச்சி முழங்கையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"எங்க கட்டுனிய?"

"உள்ள. பெடலுக்கு அடியில. வாரவன்லாம் போட்டோ எடுக்கான், படத்துல அசிங்கமாத் தெரியும்னு…"

"திருஷ்டிப் பழத்த ஒளிச்சா வைப்பாவ? கண்ணு படுததுக்குத்தான அது?"

நான் கையை விட்டுப் புல்லைப் பிடுங்கினேன். பெடல் தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அந்தப் பழம் கல்லாகக் காய்ந்து செருகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் உருண்டு மதினியின் காலடியில் விழுந்தது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பழம், உடையவே இல்லை. அண்ணாச்சி ஏறி மிதித்தார். வண்டி புல்லில் இரண்டு கோடு இழுத்தபடி, பந்தல் கால்களுக்கு நடுவே, ஒரு கீறல் படாமல் பின்னால் வந்தது. பந்தல்காரர்கள் விசிலடித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. வெளிவாசல் வரை பின்னாலேயே போனார். "ஏங்க, சிவகிரிக்கே போயிராதிய" என்றார் மதினி.

இப்போது அண்ணாச்சி சிவகிரியில் மகள் வீட்டோடு இருக்கிறார். வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். முகப்பில் பழம் தொங்குகிறது. எப்போதாவது போன் வரும். நலம் விசாரிக்கும் முன்பே, "சார், பின்னால போவுதா?" என்பார். "போகுது அண்ணாச்சி" என்று சொல்லும்போது என் கை தானாக மேசையில் இருக்கும் அந்தக் காய்ந்த பழத்தை உருட்டும்.

அன்றைக்கு மறுநாள், கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்கு முதலில் வந்தவர் அண்ணாச்சிதான், பட்டு வேட்டியில். மடியிலிருந்து புதுப் பழம் ஒன்றை எடுத்து, வண்டியின் முகப்பில், எல்லார் கண்ணும் படும்படி கட்டினார். ஏறி உட்கார்ந்து, தேவையே இல்லாமல் ஒரு பத்தடி பின்னால் எடுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, மகள் கல்யாணத்துக்குப் போனார்.