இருபத்தாறு நாள் பிராந்தி வைத்தியம்

1972 ஜூன் 12, திங்கட்கிழமை. காலை மணி ஏழு இருபது. பட்டாபிராமில் லேசான தூறல். வெறும் வயிற்றோடு ஆவடிக்கு ரயில் ஏறினேன் – பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க. வயது ஐம்பத்தெட்டு. ஆனாலும் பரீட்சை முடிவு பார்க்கப் போகும் பையனைப் போல ஒரு துடிப்பு... பாஸ் என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற எனக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோர் கீப்பர் வேலை தருவதாகச் சொன்னது. மாதம் 210 ரூபாய். டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் வேண்டும். டாக்டரோ, என் கொலஸ்ட்ரால் 272 என்றார். நெய்யைக் குறையுங்கள், நடங்கள். 250-க்குக் கீழே வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

பக்கத்து வீட்டு தனகோட்டி, ராணுவ லாரி ஓட்டியவர். அவரிடம் புலம்பினேன்.

"தெனம் ஒரு அவுன்ஸ் பிராந்தி போடு நைனா. கொழுப்பு தானா கரைஞ்சி பூடும். மிலிட்டரில அத்தினி பேரும் போட்டுக்கினுதான் கீறான். எவனுக்காவது தொப்ப கீதா?"

தனகோட்டிக்கே இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

போன வருஷம்வரை இதற்கு பெர்மிட் வாங்க அலைய வேண்டும். இப்போது கடைக்கு நடந்தால் போதும். ஒரு பாட்டில் – இருபத்தாறு அவுன்ஸ். தினமும் மாலை ஏழு மணிக்கு, இருமல் மிக்ஸ்சர் குடிக்கும் அவுன்ஸ் கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளப்பேன். ஒரு சொட்டு கூடினால் பாட்டிலுக்கே திரும்பும். நோட்டில் ஒரு டிக். தனகோட்டி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். வெறும் வயிற்றில் குடித்தால் குடல் போய்விடும், கூட எதையாவது கடித்துக்கொள்ள வேண்டும். அதையும் தவறாமல் செய்தேன்.

இருபத்தாறு டிக். உடம்பு லேசானது போலவே இருந்தது. நடையில்கூட ஒரு மிடுக்கு...

புதன்கிழமை ரிசல்ட் வந்தது. 291.

டாக்டர் தலையைச் சொறிந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்றார். நோட்டைப் பெருமையோடு நீட்டினேன். பிராந்தியோடு வேறு என்ன என்றார். சும்மா ஒரு ஆம்லெட் என்றேன். எத்தனை முட்டை? அந்தக் கணக்கு நோட்டில் இல்லை.

"அம்பத்திரண்டு, டாக்டர்" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி. "ஓடெல்லாம் நான்தானே ரோஜாத் தொட்டியில போடறேன். செடி ஜோரா பூத்திருக்கு."

பிராந்தி கொழுப்பைக் கரைக்கும் என்று தான் எங்கேயும் படித்ததில்லை என்றார் டாக்டர். அப்படியே கரைத்தாலும், நீங்கள்தான் தினமும் இரண்டு முட்டை போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தீர்களே என்றார். இரண்டையும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அளவோடு குடிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அன்பர்களே, கிளாஸை அளக்கிறோம். பக்கத்தில் இருக்கும் தட்டை நம்மில் எவராவது அளக்கிறோமா?

கம்பெனி ஒரு மாதம் பொறுக்கச் சம்மதித்துவிட்டது. சம்பளமில்லாமல்தான்.

பிராந்தி 22, முட்டை 13, ரத்தப் பரிசோதனை 6, கைவிட்டுப் போன ஒரு மாதச் சம்பளம் 210. ஆக மொத்தம் ரூபாய் 251 – இதுவும் 250-க்குக் கீழே வரவில்லை.